பூட்டும் படியும்

ஒரு பொருளைக் காக்க இட்ட பூட்டே அதன் அழிவுக்கு வழியாதல் உண்டோ? வீட்டுக் கணிப்பொறியின் வரலாறு இதற்கு விடை கூறுகின்றது.

1977ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆப்பிள் 2 என்னும் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. மறு ஆண்டில் ஸ்டீவ் வாஸ்னியாக் அதற்கு ஒரு வட்டு இயக்கியை அமைத்தார். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி வட்டின் காந்தப் பரப்பிலே 35 தடங்கள். அவற்றில் எழுதும் முறையைப் பெரும்பாலும் வகுத்தது கருவியன்று, நிரல் என்னும் கட்டளைத் தொகுதியே.

விளையாட்டு வெளியீட்டாளர் இதனைப் பயன்படுத்திக்கொண்டனர். தடங்களில் இருக்கவேண்டிய அடையாளக் குறிகளை மாற்றினர். இரு தடங்களுக்கு இடையிலும் எழுதினர். வழக்கமாகப் படியெடுக்கும் நிரல் அக்குறிகளைக் காணாது திகைத்து நின்றது. உழைப்பின் ஊதியம் களவு போகாமற் காத்தல் நியாயமே.

ஆயினும், வாங்கியவரின் குறையும் பொய்யன்று. தூசியும் காந்தமும் வட்டுக்குப் பகை. கெட்டால் கொடுத்த பணம் வீண். 1980ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத் திருத்தம் நிரலின் உடைமையாளர் காப்புப்படி வைத்துக்கொள்ள இடமளித்தது. 1981இல் வந்த லாக்ஸ்மித் என்னும் நிரல், தடத்தில் உள்ளதை உள்ளவாறே படியெடுக்க முயன்றது. இது களவுக்குத் துணையாகும் என்று கருதிச் சில இதழ்கள் அதன் விளம்பரத்தை ஏற்க மறுத்தன.

இன்று அவ்வட்டுகளின் பதிவுகள் மங்குகின்றன. வெளியீட்டு நிறுவனங்கள் பலவும் மறைந்தன. பூட்டு நீக்கிய படிகளே இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற காப்பகங்களில் அவ்விளையாட்டுகள் பலவற்றை வாழவைக்கின்றன. படைத்தவர் உரிமையை மதியுங்கள். படைப்பு நிலைக்கப் படியும் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.