தோட்ட நீர்விசை (சப்ரகமுவ)

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்திலுள்ள இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்கள் ஓடைநீரைக் கொண்டு தமக்கென ஆக்கிக்கொண்ட இயந்திர விசையும் மின்சாரமும் தோட்ட நீர்விசை எனப்படும். கொழுந்தை அரைக்கும் உருளைகளும் காற்றை ஓட்டும் விசிறிகளும் இதனால் இயங்கின.

இம்முறைக்கு இம்மண் மிகப் பொருத்தமானது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. களு கங்கைக்கும் களனி கங்கைக்கும் நீர் சேர்க்கும் ஓடைகள் செங்குத்தான சரிவுகளில் இறங்குகின்றன. ஓடையை மறித்து, வாய்க்கால் வழியே தொட்டிக்கு நீரைக் கொண்டுவந்து, அங்கிருந்து இரும்புக் குழாயில் சுழலிக்கு இறக்குவார்கள். வினாடிக்கு 50 லீட்டர் நீர் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கணக்குப்படி 20 கிலோவாட் அளவு விசை பிறக்கும். இழப்புகள் போக 12 கிலோவாட் வரை கைக்கு வரும்.

1867இல் தோட்டத்துரை ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். 1869இல் தலைகாட்டிய இலைநோய் முன்னைய பயிரான கோப்பியை அழித்தபின் தேயிலை தீவின் மலைச்சரிவுகளெங்கும் பரவியது. கையால் அரைத்த காலம் போய் இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்கு முதலில் நீர்ச்சக்கரங்களும், பின்னர் பெல்ட்டன் சுழலிகளும் விசை தந்தன. இங்கிலாந்தின் கெண்டல் நகரிலுள்ள கில்க்ஸ் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களுக்குச் சுழலிகளை அனுப்பியது. 1919இல் அந்நிறுவனத்தின் எரிக் குரூட்சன் வகுத்த டர்கோ சுழலி நடுத்தர உயர வீழ்ச்சிக்கு ஏற்றது. தொடக்கத்தில் சுழலி நீண்ட தண்டொன்றைச் சுழற்ற, அதிலிருந்து இறங்கிய தோல்பட்டிகள் ஒவ்வோர் இயந்திரத்தையும் ஓட்டின. மின்னாக்கி பின்னரே வந்தது. இலங்கைத் தோட்டங்களில் இவ்வாறான நிலையங்கள் ஏறக்குறைய 500 இருந்தன.

குளிரூட்டலே சப்ரகமுவவின் தாழ்நிலத் தேயிலைத் தொழிற்சாலைகளின் தீராத சிக்கல். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர். மழைக்காலத்தில் அதை வாட்டச் சூடேற்றிய காற்று வேண்டும். அரைத்த இலையை நொதிக்கவைக்கும் அறையோ 24 முதல் 27 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்க வேண்டும். சூடு மிஞ்சினால் தேநீரின் விறுவிறுப்புக் கெடும். ஈரத்துணிகளைத் தொங்கவிட்டனர், பின்னர் நுண்துளிகளைத் தூவும் ஈரமூட்டிகள் வந்தன. நீர் ஆவியாகும்போது காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் காற்றே ஈரம் நிறைந்திருக்கும் சப்ரகமுவவில் இவ்வழியால் சில பாகைகளே குறையும். அதனாலேயே விசிறிகள் ஓயாமல் ஓட வேண்டியிருந்தது. தை, மாசி வறட்சியில் ஓடை மெலிந்தால் எண்ணெய் இயந்திரங்கள் கைகொடுத்தன.

இலைக்குக் கிடைத்த இக்கவனம் அதைப் பறித்த மக்களுக்குக் கிடைக்கவில்லை. தொழிற்சாலையில் மின்விளக்கு எரிந்த காலத்திலும், தகரக்கூரையின் கீழ் வெந்த தொழிலாளர் லயன் அறைகளில் பல பத்தாண்டுகளாக மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது. அருகில் ஓடிய நீர் அவ்வறைகளுக்கும் ஒளி தந்திருக்க முடியும் என்பதால் இது பெருங்குறையாகும்.

1950இல் லக்சபான நீர்மின் நிலையம் தொடங்கியபின் தேசிய மின்வலை விரிந்தது. பெரும்பாலான தோட்டச் சுழலிகள் துருப்பிடித்தன. 1990களில் கிராம நீர்மின் திட்டங்கள் இவ்விரு மாவட்டங்களிலும் வேரூன்றின. வீட்டுக்கு நூறு, இருநூறு வாட் அளவே கிடைத்ததால் விளக்கும் தொலைக்காட்சியும் இயங்கின, குளிர்சாதனப்பெட்டி இயங்கவில்லை. மின்வலை வந்ததும் இவற்றிலும் பல கைவிடப்பட்டன. இன்று தனியார் சிறு நீர்மின் நிலையங்கள் தேசிய மின்வலைக்கு மின்சாரம் விற்கின்றன.