சோமாசியும் கொழுக்கட்டையும்: ஒரு பூரணப் பலகாரத்தின் வரலாறு

பல்கேரியா நாட்டில் பனிட்சா என்று ஒரு பலகாரம் உண்டு. காகிதம் போன்ற மெல்லிய கோதுமை மாவுத் தாள்களுக்கு இடையில் முட்டை, தயிர், வெள்ளைப் பாலாடைக்கட்டி ஆகியவற்றை வைத்து அடுப்பில் சுடுவார்கள். புத்தாண்டு அன்று வாழ்த்துச் சீட்டுகளையும் அதற்குள் மடித்து வைப்பது வழக்கம். ருசியானதுதான், ஆனால் தாளுக்குத் தாள் வெண்ணெயோ எண்ணெயோ தடவ வேண்டும். அதனால் கொழுப்பைக் குறைத்து, கீரையைக் கூட்டி, வயிற்றுக்கு லேசான பனிட்சா செய்யப் பலரும் முயல்கிறார்கள்.

நம் ஊரில் அந்த வேலையை எப்போதோ முடித்துவிட்டார்கள். அதன் பெயர் கொழுக்கட்டை!

மதுரைத் தெருவில் மோதகம்

சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியில், மதுரை நகரின் இரவுத் தெருவில் பலகாரம் விற்போர் தூங்கி வழியும் காட்சி வருகிறது. பாடியவர் மாங்குடி மருதனார். அவர்கள் விற்கும் பண்டங்களில் ஒன்று உள்ளே பூரணம் வைத்துப் பிடித்த மோதகம். பருப்பும் தேங்காயும் சர்க்கரையும் சேர்ந்ததே அந்தப் பூரணம் என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் விளக்குகிறார். இன்றைய கொழுக்கட்டைப் பூரணமும் ஏறக்குறைய இதுவேதான்.

சமோசா வந்த வழி

பாரசீகத்தில் சம்புசா என்று அழைக்கப்பட்ட பலகாரம் மத்திய ஆசியா வழியாக டெல்லிக்கு வந்தது. 14ஆம் நூற்றாண்டில் முகமது பின் துக்ளக்கின் அரண்மனை விருந்தில் கொத்துக்கறியும் பருப்பு வகைகளும் நிறைத்து நெய்யில் பொரித்த சமூசக் பரிமாறப்பட்டதை இபின் பதூதா எழுதியிருக்கிறார். நம் தீபாவளிச் சோமாசியின் பெயரும் மடிப்பும் அதையே நினைவூட்டுகின்றன. பின்னர் 1956-ல் அமெரிக்காவுடன் பி.எல். 480 ஒப்பந்தம் ஏற்பட்டு, கோதுமை கப்பல் கப்பலாக இந்தியாவுக்கு வந்தது. இன்று மைதா இல்லாத மளிகைக் கடை இல்லை.

பொரிப்பதும் அவிப்பதும் ஏன்?

காரணம் தானியத்தில் இருக்கிறது. கோதுமையில் குளூட்டன் என்னும் புரதம் உண்டு. பிசைந்தால் மாவு இழுபடும், மெல்லிதாகத் தேய்க்கலாம். ஆனால் அந்தத் தாள் மொறுமொறுப்பாக வர நெய்யோ எண்ணெயோ தேவை. அரிசியில் குளூட்டன் கிடையாது. அதனால்தான் கொதிக்கும் நீர் ஊற்றிக் கிளறுகிறோம். மாவுச்சத்து வெந்து பசைபோல ஒட்டுவதால் விரிசல் விழாமல் சொப்பு செய்ய முடிகிறது. பிறகு ஆவியே போதும். ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி, மாவுச்சத்தில் 4 கலோரி. சோமாசி குடிக்கும் எண்ணெயைக் கொழுக்கட்டை தொடுவதே இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பூரணம்

தேனி மாவட்டத்தில் இந்தப் பலகாரத்துக்கு வேண்டியது எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். பென்னிகுயிக் கட்டிய பெரியாறு அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே ஓடிய நீர் மலைச் சுரங்கம் வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, சுருளியாற்றில் கலந்து வைகையைச் சேர்கிறது. போகும் வழியில் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைய வைக்கிறது. பச்சரிசிக்கு அந்த வயல், தேங்காய்க்குத் தோப்பு, வெல்லத்துக்குக் கரும்பு. ஏலக்காய்க்குப் போடிநாயக்கனூர்; மேலே மலையில் விளைவது அங்கே ஏலத்துக்கு வருகிறது.

தினை, கம்பு போன்ற சிறுதானியங்களிலும் குளூட்டன் இல்லை. ஆகவே நெல் விளையாத மானாவாரிப் பக்கத்திலும் இதே முறையில் கொழுக்கட்டை செய்யலாம்.

முடிவாக

ஒன்றை மறக்கக் கூடாது. கொழுக்கட்டையில் எண்ணெய்தான் குறைவு, இனிப்பு குறைவல்ல. வெல்லமும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உளுந்துப் பூரணம் வைத்த காரக் கொழுக்கட்டை பரவாயில்லை, அதுவும் அளவோடுதான்.

தீபாவளிக்குச் சோமாசி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது ஆண்டுக்கு ஒருநாள் விருந்து. ஆனால் லேசான பலகாரம் என்றால் ஏதோ புது நாகரிகம், பாரம்பரியத்தைக் கெடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். கொழுக்கட்டையின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பாரம்பரியமே இட்லிப் பானையில் ஆவி பறக்க அவிந்துகொண்டிருக்கிறது. நாம் மூடியைத் திறந்து பார்த்தால் போதும்!