முன்பே இருந்த நோய்: மருத்துவக் காப்பீட்டின் மையச் சொல்

இந்திய மருத்துவக் காப்பீட்டில், பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் மருத்துவர் கண்டறிந்த நோயும், அந்தக் காலத்தில் மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பெற்ற நோயும் ‘முன்பே இருந்த நோய்’ எனப்படும். காயமும் பிற உடற்குறையும் இதில் அடங்கும். ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2024இல் வகுத்த வரையறை இது. அதற்கு முன் இந்தக் கணக்கு 48 மாதங்களாக இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் வந்த சர்க்கரை நோய்க்கு இன்றும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது முன்பே இருந்த நோய்தான். ஏனென்றால் சிகிச்சை அந்த 36 மாதங்களுக்குள்ளும் தொடர்கிறது. பாலிசி ஆவணத்தில் எத்தனையோ சொற்கள் இருந்தாலும், பெரிய கிளெய்ம்களின் தலைவிதியை எழுதுவது பெரும்பாலும் இந்த ஒரு சொல்தான்.

காத்திருப்புக் காலம்

காத்திருப்புக் காலம் மூன்று வகைப்படும். பாலிசி எடுத்த முதல் 30 நாட்களுக்கு, விபத்தைத் தவிர வேறெதற்கும் பணம் கிடைக்காது. அடுத்தது, பெயர் குறித்துப் பட்டியலிட்ட நோய்களுக்கானது. கண்புரை, குடலிறக்கம், மூலம், விரைவீக்கம், பித்தப்பைக் கல், மூட்டு மாற்று அறுவை போன்றவை இந்தப் பட்டியலில் வழக்கமாக இடம்பெறும். பெரும்பாலும் அவசரமில்லாமல் நாள் பார்த்துச் செய்யும் அறுவைகள் இவை. அறுவைக்கு நாள் குறித்துவிட்டுப் பாலிசி எடுப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. மூன்றாவது, முன்பே இருந்த நோய்க்கானது. பின்னிரண்டும் 36 மாதங்களைத் தாண்டக்கூடாது என்பது 2024 விதி.

இங்கே பலரும் தடுமாறுவது ஓர் இடத்தில். காத்திருப்புக் கால விலக்கு நோயோடு நிற்பதில்லை, அதன் நேரடிச் சிக்கல்களையும் சேர்த்துக்கொள்கிறது. சர்க்கரை நோயைச் சொல்லிப் பாலிசி எடுத்தவருக்கு முதல் ஆண்டிலேயே காலில் ஆறாத புண் வந்தாலோ, சர்க்கரையால் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தேவைப்பட்டாலோ, காத்திருப்புக் காலம் முடியும்வரை நிறுவனம் பணம் தராது. அதே நபருக்கு டெங்குவோ குடல்வால் அழற்சியோ வந்தால் முதல் மாதம் கழிந்ததும் தந்தாக வேண்டும். சர்க்கரை இருப்பதைக் காட்டி இந்தக் கிளெய்மையும் மறுப்பது பாலிசிக்கே முரண். பாலிசிதாரர் அதை எதிர்த்துக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

வேறு நிறுவனத்துக்கு மாறும்போது ஏற்கெனவே காத்திருந்த காலம் கூடவே வரும். இதுவே போர்ட்டபிலிட்டி. ஆனால் காப்பீட்டுத் தொகையை 5 லட்சத்திலிருந்து 10 லட்சமாக உயர்த்தினால், கூடுதலான 5 லட்சத்துக்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

சொன்னதும் சொல்லாததும்

முன்மொழிவுப் படிவத்தில் பி.பி., சுகர், தைராய்டு, பழைய அறுவை எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுவது பாலிசிதாரரின் கடமை. “இதையெல்லாம் எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும்” என்று சொல்லும் ஏஜென்ட் தன் வாடிக்கையாளருக்குப் பெருந்தீங்கு செய்கிறார். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் போவதோடு பாலிசியே ரத்தாகலாம். சொல்லி எழுதினால் நிறுவனத்தின் கை கட்டப்படுகிறது.

உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் அளித்த தீர்ப்பு இதற்குச் சான்று. சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிவித்து, மருத்துவப் பரிசோதனைக்கும் உட்பட்டு, 2009இல் வெளிநாட்டுப் பயண மருத்துவ பாலிசி எடுத்த ஒருவர் அமெரிக்கா சென்றார். சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் வியர்த்துத் தளர்ந்தவருக்கு இதய அடைப்பு என்று தெரிந்து மூன்று ஸ்டென்ட்கள் வைத்தார்கள். அவர் கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்று நிறுவனம் கிளெய்மை மறுத்தது. சர்க்கரை நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கையாகவே ஸ்டேட்டின் தரப்படுவதைக் கருதிய நீதிமன்றம், உடல்நிலையை மதிப்பிட்டுப் பாலிசி கொடுத்தபின், தெரிவிக்கப்பட்ட அதே நிலையைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்றது.

டிஸ்சார்ஜ் சம்மரியில் நோய் வரலாறு என்றொரு பகுதி உண்டு. அவசரப் பிரிவில் டியூட்டி டாக்டர் “எத்தனை வருஷமா சுகர்?” என்று கேட்பார். பதற்றத்தில் நிற்கும் மகனோ மருமகளோ “அஞ்சாறு வருஷம் இருக்கும்” என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். அது அப்படியே தாளில் ஏறிவிடும். நோய் உண்மையில் இரண்டாண்டுகளுக்கு முன், பாலிசி எடுத்த பிறகு வந்ததாக இருந்தால், அந்த ஒரு வரியே மறுப்புக் கடிதத்துக்குக் காரணமாகிவிடலாம். அப்போது முதன்முதலில் நோயைக் கண்டறிந்த மருத்துவரின் சீட்டும், அந்த நாளின் லேப் ரிப்போர்ட்டும்தான் கைகொடுக்கும். பழைய ரிப்போர்ட்களைத் தேதியோடு பத்திரப்படுத்துவது வீட்டுக் கடமைகளில் ஒன்று.

பாலிசியை விடாமல் 60 மாதங்கள் புதுப்பித்திருந்தால் மொரட்டோரியம் நிறைவடைகிறது. அதன்பின், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, எதையும் தெரிவிக்கவில்லை என்று சொல்லிக் கிளெய்மை மறுக்க இயலாது. முன்பு இதற்கு எட்டு ஆண்டுகள் ஆகும். ஆண்டு பிரீமியம் கட்டத் தவறினால் 30 நாள் சலுகை உண்டு. அதையும் தவறவிட்டால் சேர்த்த காலமெல்லாம் வீணாகக்கூடும்.

பணத்தைக் குறைக்கும் சொற்கள்

கோ-பே என்பது ஒவ்வொரு பில்லிலும் பாலிசிதாரர் ஏற்கும் பங்கு. 2020 ஏப்ரலில் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் இது 5 சதவீதம். டே கேர் என்பது 24 மணி நேரம் படுக்கையில் இருக்கத் தேவையில்லாத சிகிச்சை. கண்புரை அறுவை இதில் சேரும்.

அறை வாடகை வரம்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நாளுக்கு 3,000 ரூபாய் வரம்புள்ளவர் 6,000 ரூபாய் அறையில் தங்கினால், வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பார். ஆனால் அறுவைக் கட்டணம், மருத்துவர் கட்டணம் போன்றவையும் அதே விகிதத்தில் வெட்டப்படும். அவை ஒரு லட்சமாக இருந்தால் 50,000 ரூபாய்தான் கிடைக்கும். மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் போன்ற உள்வைப்புகள், ஐ.சி.யூ. கட்டணம் ஆகியவற்றுக்கு இந்த வெட்டு பொருந்தாது. அறைக்கேற்பக் கட்டணம் மாறாத மருத்துவமனைகளிலும் பொருந்தாது.

மருத்துவமனைக்கு நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும் கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2024 மே மாதச் சுற்றறிக்கை. தாமதத்தால் மருத்துவமனை கூடுதலாகக் கேட்கும் தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும்.

அரசுத் திட்டங்களும் முறையீடும்

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் காத்திருப்புக் காலமே இல்லை. முன்பே இருந்த நோய்க்கும் முதல் நாளிலிருந்தே சிகிச்சை கிடைக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை வழங்கும் இத்திட்டம், தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைந்து நடக்கிறது.

தனியார் பாலிசியில் கிளெய்ம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய்வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். பாலிசிதாரர் விரும்பினால் அதற்குப் பிறகும் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.