இஸ்தோப்பு அடுப்பு

இலங்கைத் தேயிலையின் முதல் தொழிற்சாலை ஒரு வராந்தாவும் சில களிமண் அடுப்புகளுந்தான். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பறித்த கொழுந்தைத் தன் பங்களா வராந்தாவில் மேசை போட்டு ஆட்களைக் கொண்டு கையால் உருட்டவைத்தார். உருட்டிய இலையைக் கம்பித் தட்டில் பரப்பி, கரி நெருப்புப் போட்ட மண் அடுப்புக்கு மேலே வைத்துக் காய வைத்தார்கள். 1873இல் லண்டனுக்கு ஏற்றியது 23 இறாத்தல். அதன் பிறகு அந்த அடுப்புக்கு வேகமான முன்னேற்றம். தனிக் கட்டடம் வந்தது, உருட்டும் இயந்திரம் வந்தது, பெல்பாஸ்டிலிருந்து சாமுவேல் டேவிட்சனின் சிரோக்கோ உலர்த்திகள் கப்பலேறி வந்தன. இலையை உருட்டிய ஆளின் சோற்று அடுப்பு மட்டும் லயமென்ற வரிசை வீட்டின் இஸ்தோப்பில், அதாவது முன் தாழ்வாரத்திலேயே, நூறு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தது.

நோர்வூட் பக்கம் புது வீட்டுக்குக் குடிபோகும் அண்ணன் மகள், "அத்தை, குசினிக்கு எந்த அடுப்பு எடுக்கலாம்? கண்ணாடி மேல்தட்டா, எவர்சில்வரா?" என்று கேட்டதிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விஞ்ஞான டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால் மின்குமிழ் முதல் அடுப்பு வரை என்னிடம் கேட்கிறார்கள். அவளுடைய கேள்வியில் எனக்குப் பெரிதாகப் பட்டது கண்ணாடியும் அல்ல, எவர்சில்வரும் அல்ல. எங்கள் குடும்பத்தில் அடுப்பைத் தேர்ந்தெடுக்கப்போகிற முதல் ஆள் அவள். என் அம்மாவுக்கும் அம்மாயிக்கும் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. கேள்வி எழுவதற்கு முதலில் ஒரு குசினி வேண்டும்.

லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு ஒடுங்கிய இஸ்தோப்பு. இரட்டை லயமென்றால் பின்சுவர் அடுத்த வரிசைக்காரருடையது. அதனால் பின்கதவும் இல்லை, ஜன்னலும் இல்லை. கோப்பிக் காலத்தில் கட்டிய மாதிரியிலேயே தேயிலைக் காலத்திலும் கட்டினார்கள். வரைந்தவர்கள் ஆளைக் கணக்கில் எடுத்தார்கள், ஆள் சாப்பிடுவதை எடுக்கவில்லை. கட்டியவனுடைய கணக்கில் இல்லாத அடுப்பை எங்கள் சனங்கள் இஸ்தோப்பின் மூலையில் வைத்தார்கள். மூன்று கல், பிறகு மண் குழைத்துக் கட்டிய அடுப்பு, பிறகு சாக்கு மறைப்பு, சாக்கு போய்த் தகரம். தகரம் அடித்ததும் சாரலும் காற்றும் நின்றன; புகையும் உள்ளேயே நின்றது. லயத்தின் கூரை ஒரே நீளக் கூரை என்பதால் நாலாம் காம்பராவின் புகை ஆறாம் காம்பராவில் இருமலாகும். தீப்பிடித்தாலும் அப்படித்தான், ஒரு காம்பராவோடு நிற்காது. லயம் எரிந்த செய்தி இன்றைக்கும் வருஷம் தவறாமல் வருகிறது.

அந்த அடுப்பில் எரிந்தது என்ன? மிலாறு. மலையில் சில வருஷங்களுக்கு ஒரு முறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவார்கள். வெட்டி விழுந்த வாதுகள்தான் மிலாறு. அவற்றைக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பின்னேரம் பெண்கள் இறங்குவார்கள். பகலெல்லாம் கொழுந்து பறித்த அதே தலை, அதே கயிறு. என் அப்பா கவ்வாத்துக்காரர். எங்கள் மலை கவ்வாத்தானால் பரண் நிறையும், அந்த வருஷம் அம்மாவின் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். மிலாறு பச்சையாக எரியாது. அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் கிடந்து புகையிலேயே காய வேண்டும். பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்தால் கிடைக்கிற வேர்க்கட்டை இன்னும் விசேஷம். இராத்திரி வைத்தால் விடியக் கிளறி ஊதினால் போதும், தணல் கண் திறக்கும். அந்த வேர்க்கட்டைக்குக் கண்ணாடி பொருத்தி மேசையென்று கொழும்பில் விற்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது, எனக்கு அதைப் பார்த்தால் எத்தனை நாள் சோறு என்றுதான் தோன்றும்.

மிலாறுக்கு வேறொரு உரிமைக்காரனும் உண்டு: மண். 1925இல் தொடங்கி, பின்னர் தலவாக்கலை சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், கவ்வாத்துக் கழிவை மலையிலேயே விடுங்கள், அதுதான் பசளை என்று சொல்லும். விஞ்ஞானம் சரி. அந்தப் பசளையை அள்ளி அடுப்பில் வைப்பவளுக்கு வேறு விறகு எங்கே என்பதற்கு அதில் பதில் இல்லை. காடு அரசாங்கத்துடையது, 5,000 அடிக்கு மேலே காடு வெட்டக்கூடாதென்று 19ஆம் நூற்றாண்டிலேயே தடை. எஞ்சிய சரிவெல்லாம் தோட்டம். கம்பனி நட்ட கற்பூரத்தைல மரங்கள் தொழிற்சாலை உலைக்கு. எண்ணெய் மலிவாக இருந்த காலத்தில் பல தொழிற்சாலைகள் எண்ணெய்க்கு மாறின. 1973இல் எண்ணெய் விலை ஏறியதும் மறுபடி விறகுக்கு வந்தன. ஆக ஒரே மரத்துக்குத் தொழிற்சாலை உலையும் லயத்து அடுப்பும் போட்டி. யார் வென்றார்கள் என்று சொல்லத் தேவையில்லை. காய்ந்த கொப்பு பொறுக்கப் போனவளைக் காவல்காரர் கத்தியோடு பிடித்துக்கொண்டு போய், கத்தியை ஒப்பீசில் வைத்துக்கொண்ட கதை எங்கள் லயத்திலேயே உண்டு.

விறகைப் போலவே அடுப்பின் மேல் ஏறியதையும் வெளியார்தான் தீர்மானித்தார்கள். முதலில் தோட்டம் அளந்து கொடுத்த அரிசி. 1942இல் பர்மா விழுந்ததும் அரிசிக் கப்பல் நின்றது, கோதுமை மா வந்தது. மலையகத்து ரொட்டி எங்கள் பரம்பரைச் சாப்பாடு என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு வகுப்பில் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். அது யுத்தம் கொண்டுவந்து சேர்த்த சாப்பாடு. ரொட்டிக்குத் தடித்த கல்லும் பரந்த தணலும் வேண்டும், மூன்று கல் அடுப்பு அதற்குத் தோதாக அமைந்தது. விடிய நாலு மணிக்கு அம்மா எழும்பினால் முதலில் தேத்தண்ணி, பிறகு ரொட்டி, தணலில் சுட்ட செத்தல் மிளகாயை அம்மியில் வைத்து ஒரு சம்பல். பிரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு, முன் எல்லாம் முடிய வேண்டும். கைக்குழந்தைக்காரிகள் அதற்கிடையில் பிள்ளை மடுவத்துக்கும் ஓட வேண்டும். 1974இல் பங்கீட்டு அரிசியையும் மாவையும் குறைத்தபோது எனக்குப் பதினாறு வயது. அந்த வருஷம் மிலாறுக்குப் பஞ்சமில்லை. சட்டியில் கிடந்தது வத்தாளங்கிழங்கு, சில நாள் அதன் கொழுந்து. எங்கள் சனங்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பேர் வந்து அத்தை குடும்பம் நீலகிரிக்குப் போனபோது, டிரங்குப் பெட்டியில் ரொட்டிக்கல்லைத்தான் முதலில் வைத்தார். குன்னூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் டேன்டீ தோட்டத்தில் அவர் ரொட்டி சுட்டால் உள்ளூர்க்காரர்கள் எட்டிப் பார்ப்பார்களாம்.

இனி ஒரு விஞ்ஞானச் செய்தி. பாடப் புத்தகத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கும். 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் அது 94க்குக் கிட்டக் கொதித்துவிடும். வெப்பமானியை வைத்துப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால், உபகரணம் பழுது என்று சொல்ல ஒரு பிள்ளையாவது இருக்கும். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறது, ஆனால் குறைந்த சூட்டில். பருப்பு வேக மறுக்கிறது. நெருப்பைக் கூட்டினாலும் தண்ணீரின் சூடு ஏறாது, ஆவிதான் கூடும். வேண்டியது பெரிய நெருப்பு அல்ல, நீண்ட நேர நெருப்பு. காசு கொடுக்காத விறகில் நீண்ட நேரம் எரிப்பது பிரச்சினையே இல்லை. கிலோக் கணக்கில் வாங்கும் காஸில் அது பிரச்சினை. ஆகவே இந்த மலையில் அடுப்பு வாங்குகிறவள் அதற்கு முன் பிரஷர் குக்கர் வாங்க வேண்டும். இதை எந்தக் கடைக்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுப்பைத் திருத்த வந்தவர்களும் உண்டு. 1980களின் நடுவில் உருவாகிப் பிறகு நாடு முழுக்கப் பரவிய அனகி அடுப்பு நல்ல அடுப்பு. குயவர் வனைந்த ஒரே மண் துண்டு, விறகு வாய் ஒன்று, பாத்திர வாய் இரண்டு. முன் அடுப்பில் எரிந்த சூடு பின் சட்டிக்கும் போகும். சுற்றிக் களிமண் பூசினால் சூடு வீணாகாது. விறகைச் சின்னதாக வெட்ட வேண்டும் என்பது மற்றவர்களுக்குத் தொந்தரவு. மிலாறோ வெட்டாமலே அந்தப் பருமன். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிருவாகத்துக்குப் போன பிறகு, தோட்ட வீடமைப்பு நிதியத்தின் வேலைகளோடு சில லயங்களுக்குக் குசினி இறக்கமும் புகைக்கூடும் கிடைத்தன. புகைக்கூடு வைத்த வீட்டில் கண் எரியாது. ஆனால் குளிரும். மார்கழி, தையில் உறைபனி விழும் ஊரில் புகையோடு சூடும் கூரை வழியே போய்விட்டது என்று கிழவிகள் முணுமுணுத்தார்கள். சில வீடுகளில் புகைக்கூட்டின் வாயைச் சாக்கால் அடைத்தே வைத்தார்கள். வந்த அதிகாரிகளுக்கு அது அறியாமையாகப் பட்டது. ஒரே நெருப்பில் சமைத்து, குளிர் காய்ந்து, விறகு உலர்த்தி, கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டி நனைந்த படங்கையும் காய வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, சமையலுக்கு மட்டும் ஒரு நெருப்பு என்பது நட்டக் கணக்கு.

மண்ணெண்ணெய் அடுப்பு எங்கள் பக்கம் தேத்தண்ணிக்கும் பால்மாவுக்கும் மட்டுந்தான். மரக்காலையில் தூள் வாங்கி, தகர டின்னுக்கு நடுவில் போத்தல் வைத்து இடித்து நிரப்பிய மரத்தூள் அடுப்பும் கொஞ்ச நாள் ஓடியது. ஈரத்தில் அணைந்து அணைந்து கழுத்தறுத்தது.

காஸ் கடைசியாக வந்தது. அரசாங்கத்தின் காஸ் கம்பனியை 1995இல் ஷெல் வாங்கி, 2010இல் அரசாங்கம் திருப்பி வாங்கி லிட்ரோ என்று பெயர் மாற்றிய காலத்துக்குள் ஹட்டன் வீடுகளில் அது சாதாரணமாகிவிட்டது. லயத்துக்கு 5 கிலோ சிலிண்டராக, 2.3 கிலோவாக ஏறியது. இங்கும் மலையின் குளிர் தலையிட்டது. சமையல் காஸில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். குளிர் பூச்சியம் பாகைக்குக் கிட்டப் போனாலே பியூட்டேன் ஆவியாகச் சோம்பும். இலங்கைக் கலவையில் நெடுங்காலம் பியூட்டேன்தான் பெரும்பங்கு, கொழும்புக்குச் சரி. தை மாத விடியலில் வெளியே வைத்த சிலிண்டர் நுவரெலியாவில் பாதி இருக்கும்போதே முடிந்ததுபோல நடிக்கும். 2021 கடைசியில் கலவையில் புரொப்பேன் கூடியது; அழுத்தமும் கூடி, நாடெங்கும் பழைய குழாயும் ரெகுலேட்டரும் கசிந்து அடுப்புகள் வெடித்தன. பத்திரிகை பார்த்த அண்ணி சிலிண்டரை முற்றத்தில் தூக்கி வைத்து, நாலு நாள் அதன் பக்கமே போகவில்லை.

பிறகு விலை. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860. தோட்டத்து நாள் சம்பளம் ஆயிரம் என்று வர்த்தமானியில் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒரு சிலிண்டருக்கு ஐந்து நாள் முழுச் சம்பளம். மின்சார அடுப்புக்காரர்களுக்கு மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு. மண்ணெண்ணெய் ஆகஸ்டில் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவில் 340. ஹட்டனில் ஓடு பதித்த குசினிக்காரர்கள் கொல்லையில் செங்கல் அடுக்கினார்கள். விறகு பற்ற வைக்கத் தெரியாத ஒரு மருமகளுக்கு நான் போய்க் காட்டிக்கொடுத்தேன். அந்த மாதங்களில் தோட்டத்து ஆட்களின் மிலாறுக் கட்டுக்கு முதல் முறையாக நகரத்தில் விலை பேசினார்கள்.

அண்ணன் மகளுக்கு நான் சொன்னது இதுதான். கண்ணாடி வேண்டாம், ரொட்டிக்கல்லின் சூடும் பாரமும் நாள்தோறும் அதன்மேல் இருக்கும். இரண்டு வாய் போதும், ஒன்று அகலமான வாயாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ரொட்டி நடுவில் கருகி ஓரம் வேகாது. பாத்திரம் நிற்கும் கம்பி தடித்த இரும்பா என்று கையால் தூக்கிப் பார். குழாயையும் ரெகுலேட்டரையும் புதிதாக வாங்கு, சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா பார். எல்லாம் கேட்டுக்கொண்டு, "விறகடுப்பை எங்கே வைக்க அத்தை?" என்றாள்.

அவளுடைய புது வீடு ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடி. குசினியில் மேடை உண்டு, விறகுக்கு இடமில்லை. அதனால் அந்த வரிசையில் வீட்டுக்கு வீடு பின்னால் ஒரு தகர இறக்கம் முளைத்திருக்கிறது, அதற்குள் ஒரு அனகி. சோறும் குளிக்கிற சுடுதண்ணியும் அங்கே. விடியல் தேத்தண்ணியும் அவசரப் பொரியலும் காஸில். இவளும் அதைத்தான் செய்யப்போகிறாள். ஒரு சிக்கல் மட்டும். மிலாறு எடுக்கச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பதிவேட்டில், பேர் இருக்க வேண்டும் என்கிறது அங்குள்ள தோட்டம். அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார், இவள் வேலை செய்வது ஹட்டன் பாமசியில். பக்கத்து வீட்டு அக்காவின் பேரில் இந்தக் கவ்வாத்துக்குப் பத்துக் கட்டு பேசி முடித்திருக்கிறாள், கட்டுக்கு இவ்வளவு என்று.