கித்தா விறகும் கேஸ் தோம்பும்

தோட்டத்தில் வாழ்ந்த எங்கள் பெரியவர்கள் யாரும் அடுப்பைக் கடையில் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில்லை. லயத்து வீட்டின் பின்பக்கம் மூன்று கல், அல்லது களிமண் பூசிய திண்டில் இரண்டு குழி. அதுதான் அடுப்பு. விறகு கித்தா மரத்திலிருந்து வந்தது. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், மரம் தோட்டத்துக்குச் சொந்தம், அடுப்பு கட்டிய மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான் அந்த அடுப்பு நம்முடையது. பெயர் அடிக்கப்பட்டால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போகலாம், மண்ணடுப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

கெடா மாநிலம் 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷாரின் பிடிக்கு மாறியது. கூலிம், சுங்கை பட்டாணி, பீடோங் பக்கம் ரப்பர் தோட்டங்கள் வேகமாகப் பெருகியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். கங்காணிகள் மூலமும் பிறகு அரசாங்க உதவிக் கப்பல்களிலும் தமிழ்நாட்டு ஆட்கள் வந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தை நிறுத்தும்வரை அது தொடர்ந்தது. வந்தவர்களுக்கு அரிசி தந்தார்கள், கொட்டகை தந்தார்கள். எரிக்க என்ன தந்தார்கள் என்பதைத் தோட்ட வரலாறு எழுதியவர்கள் பெரிதாகப் பேசுவதில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லாத அளவுக்கு அது மலிந்து கிடந்தது. ரப்பர் மரம் இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் பால் கொடுக்கும். பிறகு வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். ஒரு தொங்கலை வெட்டினால் லயத்துக்கே பல மாதங்களுக்கு விறகு. காற்றில் ஒடிந்து விழுந்த கிளைகள் தனிக் கணக்கு.

அந்த விறகுக்கு இன்னொரு பெரிய வாடிக்கையாளர் இருந்தார்: தோட்டத்துப் புகைவீடு. உறையவைத்து உருளையில் அழுத்திய ரப்பர் பாய்களை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே கித்தா விறகை மெல்ல எரியவிடுவார்கள். 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் நான்கைந்து நாள் கிடந்தால் பாய் தேன் நிறத்துக்கு வரும். சூடு மீறினால் கொப்புளம் போட்டுத் தரம் இறங்கிவிடும். குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். குறைந்த சூட்டில் மூடிவைத்து நீண்ட நேரம் புகை காட்டுவது என்று இன்று இறைச்சி சுடுபவர்கள் பெருமையாகப் பேசும் வித்தை இதுதான். புகைவீட்டுத் தொழிலாளிக்குத் தெர்மாமீட்டர் பாதி, கன்னத்துத் தோல் பாதி. மரத்தின் பாலை அதே மரத்தை எரித்துப் பதப்படுத்திய அந்த ஏற்பாட்டில் வெளியிலிருந்து எரிபொருள் வாங்க வேண்டியிருக்கவில்லை.

விறகு பற்றவைக்க ஒட்டுப்பால். மங்கின் அடியிலும் வெட்டுக்கோட்டிலும் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை ஒரு துண்டு பிய்த்து நெருப்புக் காட்டினால், மழையில் நனைந்த விறகும் பிடித்துக்கொள்ளும். கரும்புகை வரும், நாற்றம் குடலைப் புரட்டும். ஒட்டுப்பாலும் எடை போட்டு விற்கப்படும் சரக்கு. அதை வீட்டுக்குக் கொண்டுபோவது திருட்டு. ஆனால் ஒட்டுப்பால் இல்லாத சமையல்கட்டு தோட்டத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். கிராணிகளுக்கும் இது தெரியும். எங்கள் பாட்டி வெறும் அடுப்புத் திரியைப் பற்றிச் சொல்வதுபோல, "பாலெடுத்து வெய்யிடி" என்பாராம்.

பால்மரம் வெட்டப்போகும் பெண்கள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தால்தான் பெரட்டுக்கு முன் சோறு வடித்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்துவிட்டுக் கிளம்ப முடியும். அந்த நேரத்து அடுப்பு என்றால் இருட்டு, ஈர விறகு, ஊதுகுழல், கண்ணெரிச்சல். விறகடுப்புச் சோற்றின் ருசியைப் பற்றி உருகி எழுதப்பட்ட பல கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். பெரும்பாலும் ஆண்கள் எழுதியவை. அந்த அடுப்பை ஊதியவர்கள் அதைப் பற்றி உருகி நான் கேட்டதில்லை. மண்ணெண்ணெய் அடுப்பு வந்தபோதும் பிறகு கேஸ் வந்தபோதும் அவர்கள் திரும்பிப் பார்க்காமல் மாறினார்கள்.

ஆண்களின் நெருப்பு வேறு இடத்தில் இருந்தது. முனியாண்டி கோயிலில் கிடா வெட்டிய மறுநாள், அல்லது காட்டுப்பன்றி அகப்பட்ட இரவு, லயத்துக்கு வெளியே கம்பி வலை போட்டுச் சுடுவார்கள். வலைக்குக் கீழே பாதியாக அறுத்த எண்ணெய்த் தகரத் தோம்பு, அதற்குள் கித்தா விறகின் தணல். தோம்பு இஸ்டோரிலிருந்து எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதை நான் தாழ்வாகச் சொல்லவில்லை. உலகெங்கும் வீட்டுக் கொல்லையில் சுடும் கருவி இப்படித்தான் பிறந்திருக்கிறது. சிக்காகோவில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகப் பட்டறையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீவன், 1952இல் தண்ணீரில் மிதக்கவிடும் உலோக மிதவையைப் பாதியாகப் பிளந்து, கால் பொருத்தி, மேல்பாதியை மூடியாக்கினார். இன்று கடைகளில் நிற்கும் உருண்டை வெபர் அடுப்பின் கதை அது. கெடாவில் தோம்பை அறுத்தவர்களுக்கும் அவருக்கும் யோசனை ஒன்றுதான். அவர் பட்டறையை வாங்கி நிறுவனம் நடத்தினார், நம் ஆட்கள் மறுநாள் பெரட்டுக்குப் போனார்கள். கேஸில் எரியும் கிரில் 1960களில் அமெரிக்காவில் பரவியது. எரிவாயு விற்கும் நிறுவனங்களுக்குச் சமையலறையைத் தாண்டிக் கொல்லையிலும் வாடிக்கை தேவைப்பட்டது.

இங்கே விறகு எப்படி மறைந்தது என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. கேஸ் வசதியானது என்பதால் விறகு போனது என்பார்கள். அது பாதி உண்மைதான்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜித்ரா வழியாகக் கெடாவுக்குள் இறங்கியதும் மேற்குலகுக்கு இயற்கை ரப்பர் வரத்து அறுந்தது. ஜப்பானியர் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் இங்கே ரப்பரையே காய்ச்சி எண்ணெய் வடித்தார்கள். அதே நேரம் அமெரிக்கா பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பரைப் பெரும் அளவில் செய்யக் கற்றுக்கொண்டது. போருக்குப் பிறகு அந்தச் செயற்கை ரப்பர் சந்தையில் நிலைத்து, நம் ரப்பரின் விலையை எப்போதும் அழுத்திக்கொண்டே இருந்தது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. 1990 வாக்கில் மலேசியாவில் செம்பனையின் பரப்பு ரப்பரை முந்திவிட்டது. செம்பனை மட்டையை அடுப்பில் வைத்துப் பாருங்கள், புகைதான் மிச்சம். அதன் தண்டு முழுக்க ஈரமும் நாரும். கித்தா மரம் போன இடத்தில் விறகும் போனது.

மிச்சமிருந்த கித்தா மரத்துக்கும் புதிய விலை வந்தது. வெட்டிய சில நாள்களிலேயே பூச்சியும் பூஞ்சையும் பிடிக்கும் மரம் என்பதால் அதை எரிக்க மட்டுமே லாயக்கு என்று நினைத்திருந்தார்கள். போரான் உப்பு ஏற்றிச் சூளையில் உலர்த்தினால் வெளிர்நிறத்தில் அருமையான மேசை நாற்காலி செய்யலாம் என்று தெரிந்ததும், 1980களில் அது ஏற்றுமதிச் சரக்கானது. லயத்துப் பெண் கேட்காமல் எடுத்த மரத்தை லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் ஆட்கள் தாமான்களுக்கு வந்து சேர்ந்தபோது, எரிபொருள் முதன்முறையாக முழுக்க முழுக்கக் காசு கொடுத்து வாங்கும் பொருளானது. அரசாங்க உதவியோடு கிலோ 1 ரிங்கிட் 90 காசு. 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 காசு. இந்த விலை இல்லாவிட்டால் கொல்லையில் கேஸ் வைத்துச் சுடும் பேச்சே நம் வீடுகளில் எழுந்திருக்காது.

சுங்கை பட்டாணியில் தாமான் வீடு வாங்கியிருக்கும் என் மச்சான் சென்ற தீபாவளிக்கு முன் கேட்டார், "கேஸ் கிரில் ஒண்ணு வாங்கணும் மச்சான். பத்து வருசமாவது தாங்கணும். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க." இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கினோம்.

கடைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் வார்த்தை 'ஸ்டெயின்லெஸ்'. அதில் பல சாதி இருக்கிறது. 304 என்பதில் பதினெட்டு விழுக்காடு குரோமியமும் எட்டு விழுக்காடு நிக்கலும் உண்டு. 430இல் நிக்கல் கிடையாது. நம் ஊர் மழையிலும், கடலோரமான மெர்போக், தஞ்சோங் டாவாய் பக்கத்து உப்புக் காற்றிலும் அது சீக்கிரம் பழுப்புப் புள்ளி காட்டும். காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோகச் சொன்னேன். 430இல் கெட்டியாக ஒட்டும், 304இல் பெரும்பாலும் ஒட்டாது, மடித்த ஓரங்களில் மட்டும் லேசாக இழுக்கும். ஆனால் நிக்கலுக்குப் பதில் மாங்கனீசு சேர்த்த 201 என்ற மலிவு ரகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தம் பாதிப் பொய்யைத்தான் பிடிக்கும். மீதிக்கு எழுத்தில் கேட்க வேண்டும்.

மூடி பளபளப்பாக இருப்பதைப் பார்த்து வாங்குபவர்கள்தான் அதிகம். மூடி கெடுவதே இல்லை. முதலில் ஓட்டையாவது உள்ளே இருக்கும் பர்னர் குழாய். சொட்டும் கொழுப்பும் உப்பும் மசாலாவும் அதைத்தான் தின்னும். உத்தரவாதம் பர்னருக்கு எத்தனை வருடம், உதிரி பர்னர் இங்கேயே கிடைக்குமா என்ற இரண்டு கேள்விக்கும் ஒரு கடையில் மட்டும் நேரான பதில் வந்தது. இன்னொரு கடையில், "கெட்டா புதுசு வாங்கிக்கலாம் அண்ணே" என்றார் பையன்.

வலைக்கு வார்ப்பிரும்பு நல்லது. நம் வீட்டுப் பெண்களுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். தோசைக்கல்லைப் பழக்குவதுபோல எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்க வேண்டும், சோப்புப் போட்டு ஊறவைக்கக் கூடாது, ஈரத்தோடு மூடிவைக்கக் கூடாது. இதெல்லாம் பேசிக்கொண்டு நாங்கள் நின்ற கடைத்தெருவிலிருந்து சிறிது தூரத்தில்தான் சுங்கை பாத்து இருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அங்கே தோண்டியதில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இரும்பு உருக்கும் உலைகளும், காற்று ஊதும் மண்குழாய்களும் குவியல் குவியலாக வெளிவந்தன. கடாரத்து இரும்பு எங்கெங்கோ போயிருக்கும். நாங்கள் கப்பலில் வந்த இரும்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பர்னரின் வாயில் கேஸும் காற்றும் கலக்கும் சிறு குழாயைச் சிலந்திக்கும் மண்குளவிக்கும் ரொம்பப் பிடிக்கும். ஒரு மாதம் சும்மா கிடந்தால் கூடு கட்டிவிடும். அப்போது பற்றவைத்தால் தீ பின்பக்கமாக, குமிழ்கள் இருக்கும் இடத்தில் எரியும். பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷ் போதும், ஆனால் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். ரெகுலேட்டர் வீட்டு அடுப்புக்கான குறைந்த அழுத்த வகையாகவே இருக்கட்டும். மீ கோரேங் கடைக்காரர்களின் வாணலிக்கு மாட்டும் உயர் அழுத்த ரெகுலேட்டரைக் கிரில்லில் மாட்டிவிட்டு, "நல்லா எரியுது" என்று மகிழ்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழும். நம் தாமான் வீடுகளில் கொல்லையின் ஓரம் முழுக்க லோங்காங். தோம்பை அதன் விளிம்பில் வைத்தால் கசியும் கேஸ் அண்டை வீட்டு வரைக்கும் காலுவாயில் போய்த் தேங்கும்.

கேஸில் சுட்டால் வாசம் வராது என்ற குறை கேட்கிறது. கொழுப்பு சூடான தகட்டில் சொட்டி எழும் புகைதான் பாதி வாசம். அது கேஸிலும் உண்டு. மரப்புகையின் வாசம் மட்டும் வராது. அது வேண்டுமென்றால் கரிதான். பேராக்கில் கோல செப்பெத்தாங்கின் சதுப்புநில மரக் கரி இருக்கிறது. நடுவில் துளை போட்ட அறுகோணக் கரியும் இருக்கிறது. இது மரத்தூளை அழுத்திச் சுட்டது. அந்தத் தூளில் மேசை நாற்காலி ஆலைகளின் கித்தா மரத்தூளும் உண்டு. எங்கள் பாட்டி சும்மா எரித்த மரம் பாக்கெட்டில், விலை ஒட்டி, சூப்பர்மார்க்கெட் தட்டில் நிற்கிறது.

மச்சான் வாங்கியது மூன்று பர்னர் உள்ள நடுத்தர ரகம். அதோடு வந்த ரப்பர் குழாயைத் தடவிப் பார்த்த அவர் அம்மா, "இதாவது நம்ம கித்தாவா?" என்று கேட்டார். முப்பது வருடம் பால் வெட்டியவர். கித்தா இல்லை. இயற்கை ரப்பர் பெட்ரோலியத்தில் ஊறி உப்பிப்போகும். கேஸ் குழாயின் உள்பக்கத்துக்குப் பெரும்பாலும் நைட்ரைல், 1930களில் ஜெர்மனியில் உருவான செயற்கை ரப்பர். அத்தையிடம் இதைச் சொன்னதும், "அப்ப வெயில்ல வெடிக்காதா?" என்றார். வெடிக்கும். இதுவும் வெயிலில் காயும், எலி கடிக்கும். சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்து, மேலே அச்சிட்டிருக்கும் ஆண்டைக் கவனித்து, விரிசல் தெரியும் முன்பே மாற்றிவிட வேண்டும். அந்த வேலையை இப்போது அத்தைதான் செய்கிறார்.