'போதும்' என்று யார் சொல்ல வேண்டும்?

தோழர்களே, 'போதும் என்ற மனம் வேண்டும்' என்பது நமக்குப் பழகிப்போன உபதேசம். களத்துமேட்டில் அரைப் படி நெல் கூடுதலாகக் கேட்ட நம் முன்னோருக்குக் கிடைத்த பதில் அதுதான். பண்ணையாரின் குதிருக்கு அந்த உபதேசம் ஒருநாளும் பொருந்தியதில்லை. ஆகவே, 'முடிவற்ற வளர்ச்சி வேண்டாம், தேவைக்குப் போதுமான அளவே போதும்' என்று இன்று தொழில் உலகில் பேசப்படும்போது நமக்குச் சந்தேகம் வருவது இயல்பே.

ஆனால், முதலாளி ஒருவர் தனக்குத் தானே 'போதும்' என்று சொல்லிக்கொண்ட வரலாறும் உண்டு.

எர்னஸ்ட் பேடர், இங்கிலாந்தில் குடியேறிய சுவிஸ்காரர், குவேக்கர் கிறித்தவர். 'ஸ்காட் பேடர்' என்ற இரசாயன நிறுவனத்தை நடத்தினார். 1951-இல் அதன் பங்குகளில் 90 விழுக்காட்டைத் தொழிலாளர்களின் கூட்டமைப்புக்கு எழுதிக் கொடுத்தார். மீதி 10 விழுக்காடும் 1963-இல் போய்ச் சேர்ந்தது. பங்குகள் கூட்டுச் சொத்து. தனிநபர் எவரும் விற்க முடியாது.

அவர்கள் எல்லைகளை எழுதி வைத்தார்கள். ஆள்பலம் சுமார் 350-ஐத் தாண்டக் கூடாது. தாண்டும் நிலை வந்தால் தனி நிறுவனம் தொடங்க வேண்டும். உச்சச் சம்பளம் அடிமட்டச் சம்பளத்தைப் போல் ஏழு மடங்குக்கு மேல் போகக் கூடாது. போருக்குப் பயன்படுத்துவோருக்குச் சரக்கு விற்கக் கூடாது. ஊழியர்களுக்கு எவ்வளவு போனஸோ, அவ்வளவு தொகை வெளியே அறப்பணிக்கும் போக வேண்டும்.

நிறுவனம் நலிந்துவிடவில்லை. 1951-இல் 161 பேர் இருந்தார்கள். 1971-இல் 379 பேர். விற்பனை 6,25,000 பவுண்டிலிருந்து 50 லட்சம் பவுண்டாக உயர்ந்தது. தாங்களே போட்ட 350 என்ற கோட்டைத் தொட்டுத் தாண்டியதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. எல்லையை எழுதினால் மட்டும் போதாது, காவல் காக்கவும் வேண்டும்.

இந்தக் கதையை 1973-இல் தன் நூலில் பரவலாக்கியவர் பொருளியலாளர் ஷூமாக்கர். அவர் காந்தியின் சிந்தனையிலிருந்து கற்றவர். இங்கேதான் நாம் அம்பேத்கரைத் துணைக்கு அழைக்க வேண்டும். எந்திரத்தை வெறுக்கும் காந்தியத்தை 1945-இல் அவர் கடுமையாக மறுத்தார். எந்திரம் உழைப்பவருக்கு ஓய்வு தரும், ஓய்வில்லாமல் பண்பட்ட வாழ்வு இல்லை என்பது அவர் வாதம். மலக்குழியில் மனிதரை இறக்கும் நாட்டில் அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

எனவே, 'போதும்' என்று ஒரு நிறுவனம் பேசினால் நாம் மூன்றைக் கேட்போம்: பங்கு யார் கையில்? உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் சம்பளம் எத்தனை மடங்கு? எல்லையை எழுதியபோது உழைப்பவர் உடனிருந்தாரா?

குதிர் நிறைந்தவர் முதலில் 'போதும்' சொல்லட்டும்.