சேம அச்சும் பால்ரஸ் குண்டும்

புறநானூற்றின் 102ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஆரணிக் கடைத்தெருவின் சைக்கிள் கடை ஒன்று எனக்கு நினைவுக்கு வரும். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடிய பாடல் அது. வழியில் என்ன நேருமோ என்று அஞ்சும் உமணர், உப்பு வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் செல்வர். சேம அச்சு என்று அதற்குப் பெயர். எப்பொருளும் ஒருநாள் தேயும் என்பதை அறிந்தவர்களின் ஏற்பாடு அது.

மரச்சக்கரத்தின் குடம் அச்சின்மேல் உராய்ந்தே சுழன்றது. அந்த உராய்வை உருளலாக மாற்றியதே குண்டுத் தாங்கியின் சாதனை. 1869இல் பாரிசின் ஜூல் சூரிரே மிதிவண்டிக்குரிய குண்டுத் தாங்கிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் பாரிசிலிருந்து ரூவானுக்கு நடந்த பந்தயத்தில், அத்தாங்கி பொருத்திய வண்டியில் ஜேம்ஸ் மூர் வென்றார். ஆயினும் குண்டுகள் ஒரே அளவினவாக இல்லையேல் பயனில்லை. 1883இல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட் நகரில் ஃபிரீட்ரிக் ஃபிஷர் எஃகுக் குண்டுகளைச் சீராக அரைக்கும் எந்திரத்தை உருவாக்கிய பின்னரே அவை பெருமளவில் கிடைக்கலாயின.

1949இல் முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் இணைந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அதன் ஆலை எழுந்த அம்பத்தூர் அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். பின்னர் 2018 வரை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. ஹெர்குலிஸ் வண்டிகள் எங்கள் தெருக்களை நிறைத்தன.

என் தந்தையாரின் வண்டியும் அவற்றுள் ஒன்று. கல்லூரி நாள்களில் அதை நான் ஓட்டினேன். ஒரு மழைக்காலத்தில் ஆரணியாற்றுத் தண்ணீரில் இறக்கித் தள்ளிச் சென்றவன், பிறகு அதைப் பிரித்துத் துடைக்கவில்லை. சில வாரங்களில் பின்சக்கரத்தில் கரகரவென்று ஓசை எழுந்தது. அதையும் பொருட்படுத்தவில்லை.

கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி அச்சை விரல்களால் மெல்லச் சுழற்றினார். "தம்பி, கோன் குழி விழுந்துடுச்சு" என்றார். முன்சக்கரத்தில் பக்கத்துக்குப் பத்து, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு ஒன்பது என ஒரு வண்டிக்கு 38 குண்டுகள் என்று எண்ணிக் காட்டினார். தேய்ந்தவற்றை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்டேன். புதிய குண்டு சற்றே பெரிதாயிருக்கும், சுமை முழுதும் அதன்மேல் விழும், ஆகவே தொகுதியாகவே மாற்ற வேண்டும் என்றார். கோன் எளிதில் மாற்றக்கூடியது. ஆனால் என் வண்டியில் ஹப்பின் கிண்ணமும் குழிந்திருந்தது. எனவே ஹப்பையே மாற்றி, கம்பிகள் அனைத்தையும் மீண்டும் கோத்துக் கோட்டம் எடுக்க வேண்டியதாயிற்று. சிறிது கிரீஸில் முடிந்திருக்க வேண்டிய வேலை! தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது.

நன்கு கடினமாக்கிய எஃகும், நீரும் மணலும் புகாத கிரீஸும் இருந்தால் இத்தாங்கி பல்லாண்டு உழைக்கும். கோனை மிகையாக இறுக்கினாலும் தளர விட்டாலும் அதன் ஆயுள் குறையும். ஆண்டுக்கொருமுறை 'ஓவராயில்' செய்யும் வழக்கம் இதற்காகவே இருந்தது.

2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் பின்னர் பிறருக்கும் விரிந்தது. பள்ளிப்படிப்பு முடிந்ததும் பல வண்டிகள் வீட்டுப் புறக்கடையில் துருவேறுகின்றன. அவற்றுட் சிலவற்றுக்குத் தேவைப்படுவது ஒரு கைப்பிடிக் குண்டுகளும் இரண்டு கோன்களுமே. அதைச் செய்யத் தெரிந்த கைகளோ அருகி வருகின்றன. உமணர் கட்டிச் சென்றது அச்சை மட்டுமன்று. அதை மாற்றும் அறிவையும் உடன் கொண்டு சென்றனர். நம் வண்டிக்கடியில் இன்று என்ன கட்டியிருக்கிறோம்?